நகத்தை அமுக்கிப் பாருங்கள்

போன ஆடி மாதம் அம்மா பீலியில் வழுக்கி விழுந்தார்.

விடியற்காலை ஆறு மணி இருக்கும். இலங்கை மலைநாட்டில், போகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாளாக மழை விட்டபாடில்லை. பீலிக்கரைக் கல்லில் பாசி பிடித்துக் கிடக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியாததல்ல. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே பீலியில்தான் தண்ணீர் பிடிக்கிறார். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது செருப்பு வழுக்கியிருக்கிறது. விழுகிறவர் யாராக இருந்தாலும் கையைத்தான் ஊன்றுவார். அம்மாவும் வலது கையை ஊன்றினார். வயது 64.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டுக் காம்பராச் சித்தி ஓடி வந்திருக்கிறார். கையைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "விரலை ஆட்டுங்கக்கா, ஆடுதா?" ஆடியது. "அப்ப முறியல. சுளுக்குத்தான். எண்ணெய் போட்டு உருவினா சரியாயிடும்."

எலும்பு வார்டில் தாதியாக 19 வருடம் வேலை செய்கிறேன். இந்த வார்த்தையைக் கேட்காத வாரம் இல்லை. சித்தி நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் விரல் ஆடுவதை வைத்து எலும்பு முறியவில்லை என்று சொல்லவே முடியாது. விரலை ஆட்டும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி நரம்புநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகின்றன. கீழே எலும்பு இரண்டாகக் கிடந்தாலும் கயிறு அறுபடாதவரை விரல் ஆடும். கால் முறிந்தவர் நடந்தே வார்டுக்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆடுகிறதா என்று பார்க்க வேண்டாம். எலும்பின் மேலேயே ஒரு விரலை வைத்து மெதுவாக அமுக்கும்போது அந்த ஒரே இடத்தில் உயிர் போகிற மாதிரி வலிக்கிறதா, வீக்கம் மளமளவென்று ஏறுகிறதா, இந்தக் கையும் அந்தக் கையும் ஒரே வடிவத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படிக்காதவருக்கும் தெரிந்துவிடும்.

அம்மா எனக்குப் போன் எடுத்தார். "பாப்பா, கை ஒரு மாதிரி கோணிக்கிட்டு நிக்குது."

"எப்படிம்மா கோணியிருக்கு?"

"குழம்புக் கரண்டி மாதிரி."

எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு முள்ளுக்கரண்டியைக் கவிழ்த்து வைத்தது போல என்று எழுதியிருக்கும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் முள்ளுக்கரண்டிக்கு எங்கே போவது? அம்மா சொன்னதே போதும். மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஆரை எலும்பு முறிந்து, உடைந்த துண்டு புறங்கைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த வளைவு வரும். அயர்லாந்தைச் சேர்ந்த ஆபிரகாம் கொலிஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதை 1814இல் விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். அதாவது 81 வருடத்துக்கு முன்பே கண்ணாலும் கையாலும் மட்டும் பார்த்து அந்த மனுஷன் சொன்னது இன்றைக்கும் சரியாக இருக்கிறது. அதே கண்ணும் கையும் நம்மிடமும் இருக்கின்றன என்பதால் சொல்கிறேன்.

போனிலேயே சித்தியிடம் முதலில் வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னேன். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் கை வீங்கிவிடும், அப்புறம் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குள் விரலுக்கு இரத்தம் போகாமல் போனால் இன்னொரு வினை. எண்ணெய் வேண்டாம், உருவ வேண்டாம், இழுத்து நேராக்க வேண்டாம். பிஸ்கட் பெட்டி அட்டையை இரண்டாக மடித்து முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் கீழே கொடுத்து, உள்ளே பழைய துணி வைத்து, கோணின நிலையிலேயே தளர்வாகக் கட்டுங்கள், சால்வையில் தொங்கவிட்டுக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். சித்தி அப்படியே செய்தார். அந்த அட்டையை நான் தூக்கிப் போடவில்லை, இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, ஊசி போட்டு மரக்கச் செய்து, இழுத்துப் பொருத்தி, முழங்கைக்குக் கீழிருந்து விரல் மொளி வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். எலும்பு நன்றாகவே பொருந்தியிருந்தது. படத்தை நானே பார்த்தேன். ஆறு வாரம் என்றார்கள். பின்னேரம் அம்மாவை ஹட்டனில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

இனி எழுதப்போவது அன்றைய இராத்திரியைப் பற்றி.

ஒன்பது மணிக்கு அம்மா சாப்பிட்டார். கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துக் கொடுத்தேன். பத்து மணிக்கு வலிக்கிறது என்றார். மாத்திரை கொடுத்தேன். பதினொரு மணிக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தூங்கவும் இல்லை. என் அம்மா பிரசவ வலியிலும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் என்று பாட்டி சொல்லுவார். அப்படிப்பட்டவர் வலது பக்கமாகவும் இடது பக்கமாகவும் புரண்டுகொண்டிருந்தார். முதல் நாள்தானே, வலிக்கத்தான் செய்யும் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன்.

கடையைப் பூட்டிவிட்டுத் தம்பி வந்தான். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைப் பார்த்தான். டோர்ச் அடித்துப் பார்த்தான். ஒவ்வொரு விரலாக நகத்தை அமுக்கி அமுக்கி விட்டான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அக்கா, இது சரியில்ல. கட்டைப் பிரிக்கணும்" என்றான்.

அவன் சொன்னதும் எனக்கு அடிவயிறு கலங்கியது. ஏன் என்று புரிய வேண்டுமானால் அவனுடைய கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. எனக்குப் பதினொன்று. லயத்துக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம். மேல்கிளையில் ஒரே ஒரு பழம் மஞ்சளாகத் தெரிந்தது. ஏறினான், கிளை ஒடிந்தது, இடது கையை நீட்டிக்கொண்டு விழுந்தான். முழங்கைக்கு மேலே வீங்கிப் பந்து மாதிரி ஆனது. அப்பா வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போயாகிவிட்டது. அன்றைக்குத் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக லொறி கிடையாது. கை கட்டுகிறவர் ஒருவர் அடுத்த டிவிஷனில் இருந்தார். இலை அரைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பட்டை வைத்து, துணியால் இறுக்கிக் கட்டினார். இறுக்கினால்தான் எலும்பு சேரும் என்றார். நாங்களும் நம்பினோம்.

அன்றிரவு முழுக்கத் தம்பி அழுதான். அந்த அழுகை எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. முதலில் கத்தி அழுதான், பிறகு முனகினான், விடியும் நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டான். வலி போய்விட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கை மரத்துப்போனதால்தான் அழுகை நின்றது என்பது எனக்குத் தாதிப் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. விரல்கள் வீங்கி, குளிர்ந்து, வெளுத்திருந்தன. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கையைக் காப்பாற்றினார்கள், தசையைக் காப்பாற்ற முடியவில்லை.

சின்னப் பிள்ளைகள் கையை நீட்டி விழுந்தால் முழங்கைக்குச் சற்று மேலே மெலிந்திருக்கும் இடத்தில் எலும்பு முறிவது மிகவும் சாதாரணம். ஐந்து வயதிலிருந்து ஏழு வயது வரையிலான பிள்ளைகளுக்குத்தான் அதிகம். முறிந்த முனைக்கு முன்னாலேயே கைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. எலும்பு முனை அவற்றை அழுத்தலாம், கிழிக்கலாம். அது போதாதென்று வெளியே ஒரு கட்டு இறுகினால் கேட்கவே வேண்டாம்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். முன்கையிலும் கெண்டைக்காலிலும் தசைகள் சும்மா கிடப்பதில்லை. விரியாத உறைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. முறிந்த இடத்தில் இரத்தம் கசிந்து தசை வீங்கும்போது உறை விரிந்து கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் அந்த அழுத்தம் நுண்ணிய இரத்தக்குழாய்களை நசுக்கிவிடும். ஆறு மணி நேரம் போல இரத்தம் இல்லாமல் கிடந்தால் தசை செத்துவிடும். செத்த தசை பிறகு நார் மாதிரி சுருங்கும். ஜெர்மனியின் ரிச்சர்ட் வொன் வோல்க்மன் 1881இல் இந்தச் சுருக்கத்தைப் பற்றி எழுதினார், இறுக்கமான கட்டுகளால் வருகிறது என்றே எழுதினார். அதற்கு நூறு வருடத்துக்குப் பிறகும் எங்கள் லயத்தில் ஒரு பையனுக்கு அது வந்தது.

தம்பியின் கையைப் பார்த்தால் மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கியிருக்கும், விரல்கள் கொக்கி மாதிரி. மணிக்கட்டைத் தூக்கினால் விரல்கள் தானாக மூடிக்கொள்ளும், தொங்கவிட்டால்தான் விரியும். சுருங்கிய தசை ஒரே நீளத்தில் நின்றுவிட்டதால் இப்படி. கடையில் ஒரு சோடாப் போத்தலை எடுப்பதற்கு முதலில் மணிக்கட்டைத் தொங்கவிடுவான், விரல் விரியும். போத்தலைச் சுற்றிக் கொண்டுபோய் மணிக்கட்டை உயர்த்துவான், விரல் கவ்வும். வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவு வேகமாகச் செய்வான். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் தெரியும்.

சரி, அந்த ஆடி மாத இராத்திரிக்கு வருகிறேன்.

தம்பி சொன்ன பிறகு நான் தாதியாகப் பார்க்கத் தொடங்கினேன், அதுவரை மகளாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அம்மாவின் நகத்தை அமுக்கினேன். அமுக்கும்போது வெளுக்கும் நகம், விட்டதும் இரண்டு செக்கனுக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அம்மாவின் நகம் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும்வரை வெளுத்தே இருந்தது. இடது கையில் உடனே சிவந்தது. விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றார். கடைசியாக, அவரது நடுவிரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினேன். அம்மா "ஐயோ" என்று கத்திவிட்டார். மடங்கிய விரலை இன்னொருவர் நிமிர்த்தும்போது முன்கையில் தாங்க முடியாத வலி வந்தால் அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேறில்லை. நகம் சிவப்பாக இருந்தாலும், மணிக்கட்டில் நாடி துடித்தாலும் ஏமாந்துவிடக் கூடாது. நாடி நிற்பது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே தசை சாகத் தொடங்கிவிடும். மாத்திரைக்கு அடங்காமல் மணிக்கு மணி ஏறும் வலிதான் முதலில் வரும். கட்டுப் போட்டால் வலி குறைய வேண்டும். கூடுகிறது என்றால் கட்டில் பிழை இருக்கிறது, அல்லது உள்ளே பிழை இருக்கிறது. இரண்டில் எதுவானாலும் விடியும்வரை காத்திருக்க நேரமில்லை.

தலையணையை எடுத்துவிட்டுக் கையை நெஞ்சு மட்டத்தில் வைத்தேன். வெறும் வீக்கத்துக்குக் கையை உயர்த்தி வைப்பது நல்லதுதான், ஆனால் உள்ளழுத்தம் என்று சந்தேகம் வந்துவிட்டால் மேலே தூக்கக் கூடாது, கொஞ்சநஞ்சம் போகும் இரத்தமும் போகாது. பனி மூட்டத்தில் முன்னால் போகும் வாகனத்தின் விளக்குக்கூடத் தெரியாத ரோட்டில், முச்சக்கரவண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரவு வேலையில் இருந்த டொக்டர் பார்த்தார், பேசிக்கொண்டு நிற்கவில்லை. மாவுக்கட்டை நீளவாக்கில் வெட்டினார். உள்ளே சுற்றியிருந்த பஞ்சையும் துணியையும் தோல் தெரியும்வரை வெட்டிப் பிளந்தார். மேலே மட்டும் வெட்டிவிட்டு உள்துணியை விட்டால் பலனில்லை, இரத்தம் ஊறிக் காய்ந்த துணியும் இரும்பு மாதிரிதான்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அம்மா மூச்சு விட்டார். "பூட்டுத் தொறந்த மாதிரி இருக்கு சாமி" என்றார். நகம் சிவந்தது. கட்டைப் பிரித்தும் வலி தணியாவிட்டால் சத்திரசிகிச்சை அறைக்குக் கொண்டுபோய் அந்த உறையையே கீறித் திறந்துவிட வேண்டியிருக்கும். அம்மாவுக்கு அது தேவைப்படவில்லை. தம்பி வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தான். போய்ச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினான்.

இதை எழுதும்போது யாராவது கேட்பீர்கள், அப்படியானால் நாட்டு வைத்தியரான வெதமாத்தயாவிடமும் கை கட்டுகிறவரிடமும் போகவே கூடாதா என்று. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சிங்களத்தில் கெடும் பிந்தும் என்றும் தமிழில் முறிவு நெரிவு என்றும் சொல்லும் வைத்தியத்தில் பரம்பரையாகக் கை பழகியவர்கள் இருக்கிறார்கள், அரசாங்கப் பதிவு உள்ளவர்களும் இருக்கிறார்கள். நவீன எலும்பு மருத்துவத்தின் தகப்பன்மாரில் ஒருவரான ஹியூ ஒவன் தோமஸ், பரம்பரை எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். தொடை எலும்பு முறிவுக்கு இன்றும் நாங்கள் வார்டில் எடுக்கும் வளையம் வைத்த கம்பிச் சட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. முதலாம் உலகப் போரில் எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காத்தது அது. ஆகவே கட்டுகிறவரைப் பழிக்க எனக்கு மனமில்லை. கட்டின பிறகு விரல் நுனி மூடியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள், அன்றிரவு விரலைப் பாருங்கள், வலி ஏறினால் யார் கட்டினது என்று பார்க்காமல் பிரியுங்கள். அம்மாவின் கட்டு ஆஸ்பத்திரியில் போட்டதுதான். மாவுக்கட்டுக்கும் மூங்கில் கட்டுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசமில்லை. ஆனால் முழங்கைக்கு மேலே வீங்கிய சின்னப் பிள்ளையை மட்டும் எக்ஸ்ரே எடுக்காமல் யாரிடமும் கட்டக் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

பிள்ளைகளின் எலும்பைப் பற்றி இன்னொன்று. பச்சைக் கொம்பை வளைத்தால் ஒரு பக்கம் நார் நாராகக் கீறி மறுபக்கம் வளைந்து நிற்குமே, அவர்களுக்குப் பல நேரம் அப்படித்தான் முறியும். வெளியே கோணல் தெரியாமலும் இருக்கலாம், பிள்ளை கையைப் பாவிக்காமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். எலும்பு வளரும் இடமான மூட்டுப் பக்கத்துத் தட்டில் முறிந்தால், சரியாகப் பொருத்தாவிட்டால் கை கோணலாகவோ குட்டையாகவோ வளரலாம். அதனால்தான் "சின்னப் பிள்ளைதானே, தானாச் சேந்திரும்" என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. சேரும். எப்படிச் சேரும் என்பதுதான் கேள்வி.

மலையில் விழுகிறவர்களை இறக்குவது தனிப் பாடு. மழையில் வடிகால் கான் தாண்டும்போது வழுக்கி விழுகிறவர்கள், குளவி கலைந்து வந்ததும் கூடையோடு ஓடி விழுகிறவர்கள். குளவி கொட்டினவருக்கு மூச்சு இழுத்தாலோ முகம் வீங்கினாலோ முறிவை அப்புறம் பார்க்கலாம், முதலில் மூச்சு. கால் முறிந்தவரைத் தூக்குவதற்கு முன் இரண்டு காலையும் சேர்த்து, நடுவில் மழைக்குப் போர்த்தும் கொங்காணியையோ இடுப்பில் கட்டும் படங்கையோ மடித்து வைத்துக் கட்டுங்கள். நல்ல கால் உடைந்த காலுக்குக் கம்பாக நிற்கும். கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பும் உதவும். முதுகிலோ கழுத்திலோ அடிபட்டிருந்தால் ஒருவர் தோளையும் ஒருவர் காலையும் பிடித்துத் தூக்குவதுதான் நம் பழக்கம், அது நடுவில் முதுகை மடக்கிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து, தலை, தோள், இடுப்பு, கால் ஒரே மரக்கட்டை மாதிரி, ஒரே நேரத்தில் ஒரு பலகையில் ஏற்ற வேண்டும். கதவைக் கழற்றினாலும் பரவாயில்லை. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை இப்போது மலைநாட்டிலும் இருக்கிறது. லயத்து வாசல்வரை ரோட்டு இல்லாவிட்டால் எந்தச் சந்தியில் காத்திருப்போம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முறிந்த இடத்தில் சின்னத் துளை மாதிரிக் காயம் இருந்தாலும் எலும்பு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். அதில் கோப்பித் தூள், மஞ்சள், சாம்பல் எதுவும் போட வேண்டாம். சுத்தமான துணியால் மூடிக் கொண்டுவாருங்கள். மண்ணில் ஏற்புவலிக் கிருமி இருக்கிறது. ஊசியும் கிருமிகொல்லி மருந்தும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவுக்கு எலும்பு சீழ் பிடிக்காமல் தப்பும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாமல் உள்ளேயே ஒரு லீட்டருக்கு மேல் கசிந்துவிடும். ஆள் வெளுத்து, குளிர்ந்து வேர்த்தால் அதுதான். ஒப்பரேஷன் வரக்கூடிய பெரிய முறிவு என்றால் பாவம் என்று தேத்தண்ணி கொடுக்காதீர்கள்.

வார்டில் ஒரு பையன் இருந்தான். மோட்டார் சைக்கிளில் விழுந்து தொடை முறிந்தவன். முதல் நாள் நன்றாகப் பேசினான். இரண்டாம் நாள் இரவு ஏதேதோ உளற ஆரம்பித்தான், மூச்சு வாங்கியது. வீட்டாள்கள் பயந்த கோளாறு என்று திருநீறு கொண்டுவந்தார்கள். நெஞ்சிலும் கக்கத்திலும் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகளைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்தது. நீள எலும்பு முறியும்போது உள்ளிருக்கும் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போவதுண்டு, முறிந்து ஒன்றிலிருந்து மூன்று நாளைக்குள் காட்டும். ஒட்சிசன் கொடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்ததில் பிழைத்தான். தலையில் அடிபடாதவர் இரண்டாம் நாள் தடுமாறினால் உடனே வார்டில் சொல்லுங்கள். திருநீறு பூசிக்கொள்ளுங்கள், அதில் எனக்குக் கோபமில்லை.

எனக்கு மிகவும் மனசு கஷ்டமாக இருப்பது வயதானவர்களின் இடுப்பு முறிவுதான். மேல் லயத்துத் தாத்தா ஒருவர் திண்ணையிலிருந்து எழும்பும்போது விழுந்தார். எழும்ப முடியவில்லை. அடிபட்ட கால் மற்றக் காலைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வாசலில் நின்றே பார்த்துச் சொல்லிவிடலாம், தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது என்று. பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. "இந்த வயசில எதுக்கு அவரை அறுத்துக்கிட்டு, இருக்கிற காலத்துக்கு நாங்க பாத்துக்கிறோம்" என்றார்கள். பார்த்தும் கொண்டார்கள், ஊட்டினார்கள், துடைத்தார்கள். மல்லாக்கப் படுத்தே கிடந்தவருக்கு இரண்டாம் வாரம் முதுகில் புண் வந்தது, நான்காம் வாரம் சளி கட்டிக் காய்ச்சல், ஐந்தாம் வாரம் போய்விட்டார். எலும்பு முறிந்ததால் அவர் சாகவில்லை, படுத்ததால் செத்தார். அசையாமல் கிடக்கும் காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் ஒரே நொடியில் உயிரை எடுப்பதும் உண்டு.

அந்த வயதில் ஒப்பரேஷன் செய்வது ஓடி விளையாட அல்ல, மறுநாளே எழும்பி உட்கார. ஒன்றிரண்டு நாளைக்குள் செய்துவிட்டால் வலி குறையும், உட்காரலாம், கம்பைப் பிடித்துக் கழிவறைக்குப் போகலாம். 80 வயதைத் தாண்டிய பாட்டிமார் மூன்றாம் நாள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து, அறுக்கவா என்று கேட்கும்போது படுத்துக் கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து டொக்டரிடம் கேளுங்கள்.

கணுக்காலுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. கனடாவில் ஒட்டாவா நகரத்து டொக்டர்கள் 1992இல் வெளியிட்டது. கணுக்கால் மொளி இரண்டில் ஒன்றின் பின்விளிம்பிலோ நுனியிலோ எலும்பின் மேல் அமுக்கினால் வலித்தாலும், அடிபட்ட உடனும் பிறகும் நாலடி நடக்க முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இல்லையென்றால் அனேகமாகச் சுளுக்குத்தான். சொல்வது சுலபம். ஒரு நாள் போனால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி, போகும் என்று கணக்குப் பார்க்கிறவரிடம் இதைச் சொல்லும்போது எனக்கு வாய் வராது. கணுக்கால் எலும்பு வெடிப்போடு இரண்டு வாரம் கொழுந்து எடுத்துவிட்டு, எலும்பு விலகின பிறகு வந்த அக்காமார் எத்தனையோ பேர். ஒன்று மட்டும் செய்யுங்கள்: மலையில் வேலை நேரத்தில் விழுந்தால் அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் சொல்லித் தோட்ட ஒபிசில் எழுத வையுங்கள். வேலையில் அடிபட்டால் நட்டஈடு கேட்கும் சட்டம் இந்த நாட்டில் 1934இலிருந்து இருக்கிறது. எழுதாத விழுகைக்கு நட்டஈடு வாங்குவது வெகு சிரமம்.

அம்மாவின் ஆறு வாரத்துக்கு வருகிறேன். கட்டுப் போட்ட மறுநாளிலிருந்தே தோளையும் முழங்கையையும் விரல்களையும் மணிக்கொரு தரம் அசைக்க வைத்தேன். கை முறிந்தவர்கள் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே ஆறு வாரம் இருந்துவிட்டு, மணிக்கட்டு சேர்ந்த நாளில் தோள் பூட்டிப்போய் நிற்பதை நிறையப் பார்த்தாகிவிட்டது. அம்மாவுக்கு அரிப்பு வந்தபோது ஈர்க்கை உள்ளே விடப் பார்த்தார், பறித்துப் போட்டேன். உள்ளே கீறினால் புண் வெளியே தெரியாது, நாற்றம்தான் சொல்லும். வெற்றிலையை முழுசாக விட மாட்டார் என்று தெரியும், புகையிலையையாவது நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். அது எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும். தினமும் நெத்தலி, முள்ளோடு.

மணிக்கட்டு முறிந்த பெண்ணுக்கு நான் கட்டாயம் சொல்வது, நின்ற நிலையில் விழுந்தே எலும்பு முறிகிறதென்றால் எலும்பு உள்ளுக்குள் அரித்துப்போயிருக்கலாம் என்பதுதான். இன்றைக்கு மணிக்கட்டு, நாளைக்கு இடுப்பு. எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து இருக்கிறது, கிளினிக்கில் கேளுங்கள். பீலிக்கரைக் கல்லை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சித்தியிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறோம்.

இளவட்டங்களுக்கு அதே மாதிரி விழுந்தால் வேறொரு எலும்பு முறியும். கட்டைவிரலை நிமிர்த்தினால் அடியில் ஒரு குழி விழுமே, அந்தக் குழியில் அமுக்கி வலித்தால் முதல் எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் நம்பாதீர்கள். இரண்டு வாரம் கழித்து எடுத்தால்தான் வெடிப்புத் தெரியலாம். அந்தச் சின்ன எலும்புக்கு இரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருகிறது, நடுவில் முறிந்தால் மறுபாதி பட்டினி கிடந்து செத்துவிடும்.

கட்டை வெட்டிய நாளில் அம்மா தன் கையைப் பார்த்து அழுதுவிட்டார். மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அது இயல்பு என்று சொன்னேன். கை எரிச்சலெடுத்து, பளபளவென்று வீங்கி, துணி பட்டாலே வலித்தால்தான் யோசிக்க வேண்டும், அதற்கு வேறு சிகிச்சை. அம்மாவுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து மடக்கினார், நீட்டினார். இரண்டு வாரம் கழித்து ரொட்டிக்கு மா பிசையக் கொடுத்தேன். முதல் நாள் பாதியில் விட்டார். இப்போது முழு மாவையும் அவரே பிசைகிறார், கட்டச் சம்பலையும் அம்மியில்தான் அரைக்கிறார், சொன்னால் கேட்பதில்லை.

தம்பி ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிவிட்டு வருவான். தேத்தண்ணி குடித்தபடி அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வான். இடது மணிக்கட்டைத் தொங்கவிட்டு, விரல்கள் விரிந்ததும், அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து நகத்தை அமுக்குவான். கட்டு அவிழ்த்து மாதக்கணக்காகிறது, இன்னும் அமுக்கிப் பார்க்கிறான். அம்மாவும் ஒன்றும் சொல்லாமல் கையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.